திரைக்குப் பின்னால் இருமல்

பதினோராம் மாதம், 20

முள்ளங்கி ஊறுகாய்ச் சாடிக்குப் பாரம் வைத்தேன். வெளியே பனி. பிரபுவின் கோட்டை வாசலில் காவல் முடிந்து என் கணவர் இருமலோடு திரும்பினார். என் தம்பி மகன் செய்ஜிரோவை வாரிசாகப் பதிந்துவிடலாமே என்று மறுபடி கேட்டேன்.

"நாப்பத்தெட்டு வயசுதான் ஆகுது. இப்பவே சாகச் சொல்றியா?"

எங்கள் ஹெய்த்தாரோ அம்மையில் போய் இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. மகன் பெயர் இருந்த இடத்தில் இன்னொரு பெயரை எழுத அவருக்குக் கை வரவில்லை. எனக்கு மட்டும் வருகிறதா?

பன்னிரண்டாம் மாதம், 3

படுத்துவிட்டார். கஞ்சிகூட இறங்கவில்லை. வாரிசு இல்லாமல் போனால் பிரபு தரும் அரிசி, இந்த வீடு, குரிமோட்டோ என்ற பெயர் எல்லாம் போய்விடும். சாகும் தறுவாயிலும் வாரிசு எடுக்கலாம் — அதிகாரி வந்திருக்கும்போது தன் கையால் முத்திரை வைத்தால். இன்று அவரே சரி என்றார். அதிகாரி நாளை மறுநாள் வருகிறாராம்.

5

விடியுமுன் போய்விட்டார்.

எனக்கு அழுகை வந்தது. "வாயை மூடு. அவன் இன்னும் சாகலை," என்றார் அத்தை. கணப்பை வெளியே தூக்கி வைத்தார். அறை குளிர்ந்திருந்தால்தான் நல்லது.

5, மாலை

அதிகாரி ஓனுமா திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தார். "எழுந்திரிக்க வேணாம் குரிமோட்டோ. உங்க வீட்டு முள்ளங்கி திங்க வந்தேன்னு வெச்சுக்கங்க."

திரைக்குப் பின்னால், தன் மகனைப் போலவே அத்தை இருமினார்.

"இருமல்ல பலம் இருக்கே!"

தெரிந்தேதான் சொன்னார். எல்லா வீட்டிலும் நடப்பதுதான். நான் உள்ளே போய் என் கணவரின் விரல்களைப் பிரித்து, முத்திரையைப் பிடிக்கவைத்து அழுத்தினேன். அந்த விரல்கள் — வேண்டாம்.

அதிகாரி அவர் வயதைக் கேட்டார். நாற்பத்தெட்டு என்றேன்.

"பதிவுல அம்பத்தொண்ணுன்னு இருக்கேம்மா."

ஐம்பது தாண்டியவர் மரணப் படுக்கையில் வாரிசு எடுக்க முடியாது. என் பக்கத்தில் இருந்த செய்ஜிரோ திரையைத் திரும்பிப் பார்த்தான். சற்றுமுன் இருமிய தொண்டை இப்போது பேசியது:

"இவங்கப்பா சாகறப்ப இவனுக்குப் பதினாலுங்க. பதினேழு ஆகாத பையன் வாரிசு எடுக்க முடியாது, அவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா வீடே போயிடும்னு மூணு வயசு கூட்டிச் சொன்னோம். ஊரே செய்றதுதானுங்களே!"

ஓனுமா நிமிரவில்லை. "செத்தவர் இருமினா கேட்டுக்கலாம் தாயே. எழுதினதை மாத்திப் படிக்க என்னால ஆகாது."

கூட்டிச் சொன்ன அந்த மூன்று வயதை என் கணவர் மறந்திருந்தார். அத்தையும். முப்பத்து நான்கு வருடமாக யாரும் அதைப் பேசவே இல்லை. அன்று வீட்டைக் காப்பாற்றிய பொய்.

6

இறந்துவிட்டார் என்று இன்று அறிவித்தோம். இனி அழலாம் என்றார்கள். வரவில்லை.

11

உத்தரவு வந்தது. புத்தாண்டுக்குள் வீட்டை ஒப்படைக்க வேண்டும். செய்ஜிரோ தன் அப்பா வீட்டுக்கே போய்விட்டான். என் கணவரின் இரண்டு வாள்களையும் துணியில் சுற்றினேன். இடுப்பில் செருக ஆளில்லை.

13

நினைவுப் பலகையில் எழுதுவதற்குத் துறவி அவர் வயதைக் கேட்டார். நான் அத்தையைப் பார்த்தேன். காப்பாற்ற இனி எதுவும் இல்லை.

"நாப்பத்தெட்டு சாமி," என்றார். "நாப்பத்தெட்டுதான். சின்ன வயசு."

அப்புறம்தான் இருவரும் அழுதோம்.