மூக்கன் சொன்னது

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் கை போகிறது, முதல் பாதி பொய்யாகிவிடும் என்பதால் நீ நலமா என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். போனில் சொல்லலாமே என்பாய். இந்த ஒன்றரை அறை வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் அப்பா காதில் விழும், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

காய்ச்சலில் என் மூக்கு போனதும் நீ அனுப்பி வைத்தாயே, வாசனை பார்க்கும் கருவி, அது நன்றாகத்தான் வேலை செய்கிறது. அப்பா அதற்கு மூக்கன் என்று பெயர் வைத்தார். போன மாதம் கேஸைத் திறந்துவிட்டுப் பற்றவைக்க மறந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன், அது கத்தியிருக்காவிட்டால் இந்தக் கடிதம் ஏது. ஆனால் அதற்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த மகராசன் யாரோ, எதை மோந்தாலும் நாற்றம் என்றே சொல்கிறது. காபி நாற்றம், சோப்பு நாற்றம். எதிர்வீட்டு டெய்லர் சென்ட் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார், சென்ட் நாற்றம் என்று அறிவித்தது, மனிதருக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. அந்தக் காலத்துத் தமிழ்ல நாற்றம்னா நல்ல மணம்தான் சார் என்று அப்பா சமாளித்துப் பார்த்தார், டெய்லர் பாதி டீயோடு எழுந்து போய்விட்டார்.

மூன்று வாரம் முன்பு ஒரு காலையில் அப்பா நாற்காலியில் வந்து உட்கார்ந்ததும் சிறுநீர் நாற்றம் என்றது. சரிதான், இதுக்குக் கிறுக்கே பிடிச்சிருச்சு என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. எழுந்து பின்பக்கத்துப் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு மாதமாக எனக்கு முன்பே எழுந்து தன் போர்வையைத் தானே துவைத்தார், நானும் இந்த வயசுல என்ன பொறுப்பு பாருங்க என்று தெருவெல்லாம் பெருமை பேசினேன். எனக்கு மூக்கு இல்லாததை நம்பித்தான் அந்த மனிதர் மானத்தோடு இருந்திருக்கிறார். இப்போது ஹாலுக்கு வருவதே இல்லை, சாப்பாடு, பேப்பர் எல்லாம் பால்கனியில், சாரல் அடித்தாலும் அங்கேதான். டாக்டரிடம் போகலாம் என்றால், எனக்கு ஒண்ணுமில்ல, உன் மூக்கனைக் கூட்டிட்டுப் போ என்கிறார். கருவியைப் பிடுங்கிவிடலாம் என்றால் கேஸ் பயம். பேச்சை மட்டும் நிறுத்தினால் எச்சரிக்கையும் சேர்ந்து நின்றுவிடும் என்கிறார் சர்வீஸ்காரர். வேறு இடத்தில் வைக்கலாம் என்றால் ஹாலில் பாதிதானே நம் சமையலறை. அடுப்புக்கும் பால்கனிக்கும் நடுவில் இருதலைக்கொள்ளி எறும்பாக நிற்கிறேன்.

அது சொல்வதெல்லாம் உன் போனுக்கும் வரும் என்பது நேற்றுதான் ஞாபகம் வந்தது. அந்த வாரம் நீ நாலு தடவை கூப்பிட்டு அப்பா நல்லா இருக்காரா என்று கேட்டாய், நாலு தடவையும் அவருக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கார் என்றேன். தெரிந்துகொண்டே கேட்டிருக்கிறாய். உன்மேல் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

வேளைக்குச் சாப்பிடு, வேலை வேலை என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே, எந்தக் குறையும் இல்லாமல் நூறு வயது இரு. ஒன்று மட்டும் மறக்காதே. இன்று தட்டை நீட்டியபோது அப்பா கதவைப் பாதிதான் திறந்தார், பாப்பாவுக்கும் தெரிஞ்சிருக்குமா என்று கேட்டார். சேதி எனக்கு மட்டும்தான் வரும் என்று அவர் தலையில் கை வைத்துப் பொய்ச்சத்தியம் செய்திருக்கிறேன். அதற்குப் பிறகுதான் தட்டை வாங்கிக்கொண்டார். நீ கூப்பிடும்போது உனக்கு ஒன்றும் தெரியாது.

இப்படிக்கு,
உன் அம்மா