போகச் சொன்னது நான்தான், அக்கா

என் அன்புக்குரிய அக்கா,

நீங்கள் கண்மூடி மூன்று வருடமாகிறது. பள்ளிக்கூடத்தில் எனக்கு அதிபர், வாசல் படலையைத் தாண்டினால் அக்கா. உங்களுக்குப் பிறகு அதிபர் கதிரையில் இருந்தது நான்தான். சென்ற ஆண்டு ஓய்வு பெற்றுவிட்டேன். அங்கே இருந்து நான் செய்த ஒன்றை உங்களிடம் சொல்லவேண்டும். மற்றவர்களும் வாசிக்கவேண்டும் என்பதால் பகிரங்கமாகவே எழுதுகிறேன்.

பள்ளி விட்டபின் பெரிய றோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும் தூரத்துப் பிள்ளைகளோடு ஆசிரியர்கள் நாங்களும் நிற்போமே, நினைவிருக்கிறதா? யாரும் யாரையும் நிற்கச் சொன்னதில்லை. ஆனாலும் நாலைந்து பேர் நிற்போம். ஒருநாள் நீங்கள், "சந்திரன் மாஸ்ரர், நாங்கள் நிக்கிறம்தானே, நீங்கள் வெளிக்கிடுங்கோ" என்றீர்கள். "வீட்டை போனால் மனிசி தேங்காய் திருவ விடுவா ரீச்சர். பஸ் ஆறுதலா வரட்டும்" என்றார் அவர். பிள்ளைகளும் சேர்ந்து சிரித்தார்கள்.

ஏன் அப்படி நின்றோம்? தவமலர் ரீச்சரின் தாய் சாவகச்சேரி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, இரண்டு கிழமை அவருடைய வகுப்பை நீங்களே எடுத்தீர்கள். அவர் திரும்பி வந்த அன்று, "அம்மா சாப்பிடுறாவோ?" என்று மட்டும் கேட்டீர்கள். அப்படிப்பட்ட ஒருவரின் கீழ் வேலை செய்பவர்களுக்கு, மணி அடித்த உடனே பையைத் தூக்கிக்கொண்டு போக மனம் வராது. பக்கத்திலேயே இருந்தும் அது எனக்கு விளங்கவில்லை.

கதிரைக்கு வந்ததும் எனக்கு ஒரு யோசனை. எல்லோரும் ஏன் தினமும் கஷ்டப்படவேண்டும்? நாட்களைப் பங்கிட்டு, பெயர்களை எழுதி, கையெழுத்துக்கு ஒரு கட்டமும் கீறி, ஆசிரியர் அறையில் ஒட்டினேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். இரண்டு கிழமைக்குள் றோட்டில் ஒருவர்தான் நின்றார். "மாஸ்ரர், கொஞ்சம் நிக்கேலாதோ?" என்று சந்திரன் மாஸ்ரரைக் கேட்டேன். "இண்டைக்கு என்ரை முறை இல்லையே ரீச்சர்" என்றார். அதில் கோபமில்லை. நான் எழுதி ஒட்டியதைத்தான் அவர் எனக்கே சொன்னார்.

பிறகு, கார்த்திகை மழையில் ஒரு புதன்கிழமை. முறை தவமலருடையது. "ரீச்சர், அம்மாவுக்குத் திரும்பவும் ஏலாமல் போச்சு. நான் பன்னிரண்டு மணிக்குப் போகட்டோ?" என்று என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். ஏதோ படிவம் நிரப்பிக்கொண்டிருந்த நான் தலை நிமிராமலே, "போங்கோ" என்றேன். அவருக்குப் பதிலாக வேறொருவரை நிறுத்த மறந்துபோனேன். மற்றவர்கள், அது தவமலரின் நாள் என்று வெளிக்கிட்டார்கள். பஸ் வரவில்லை. ஆறாம் வகுப்புச் சுபா நனைந்து நடுங்கி, எதிர்ப்பக்கக் கடைத் தாழ்வாரத்துக்கு ஓடியிருக்கிறாள். லொறி அடித்தது. இப்போது அவளுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை.

விசாரணைக்கு வந்தவர்கள் பட்டியலைப் பார்த்தார்கள். தவமலரின் பெயர் இருந்தது. நான் கொடுத்த அனுமதி எந்தத் தாளிலும் இருக்கவில்லை. கேட்டுவிட்டுத்தான் போனதாக அவர் சொன்னார். என்னிடம் கேட்டபோது "ஞாபகமில்லை" என்றேன், அக்கா. ஞாபகமிருந்தது.

அவரைத் தூரத்துப் பள்ளிக்கூடமொன்றுக்கு மாற்றிவிட்டார்கள். போன சனிக்கிழமை சந்தையில் கண்டேன்.

"ரீச்சர், நான் உங்களிட்டைக் கேட்டிட்டுத்தானே போனனான்?"

"ஓம்."

"அப்ப ஏன் அண்டைக்கு அதைச் சொல்லேல்லை?"

கத்தரிக்காய் நிறுத்துக்கொண்டிருந்த கடைக்காரர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அம்மா செத்தது தெரியுமோ உங்களுக்கு? பள்ளிக்கூடத்திலை இருந்து ஒருத்தரும் வரேல்லை" என்றுவிட்டுத் தவமலர் போய்விட்டார்.

உங்கள் காலமென்றால் முழு ஆசிரியர் அறையும் அந்தச் செத்தவீட்டில் நின்றிருக்கும். எனக்குச் செய்திகூடத் தெரியவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தை இவ்வளவு கெதியாக இப்படி ஆக்கமுடியுமா, அக்கா?

அனுமதி கொடுத்தவளும் நான், மறந்தவளும் நான், பொய் சொன்னவளும் நான் என்று எழுதிக் கையெழுத்து வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை கல்வி அலுவலகத்தில் அதைக் கொடுப்பேன். பிறகு சுபாவின் வீட்டுக்குப் போவேன். தாய் ஏசினாலும், முகம் பாராமல் உள்ளே போனாலும், அந்தப் பிள்ளைக்கு முன்னால் இருந்து, "தவமலர் ரீச்சரிலை பிழையில்லை, பிழை என்னிலைதான்" என்று சொல்லாமல் திரும்பமாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

அக்கா என்று உங்களை அழைக்க இன்று கூசினாலும், அழைக்காமல் இருக்கமுடியாத
உங்கள் தங்கை
மனோன்மணி