ஒரே நம்பரில் இரண்டு போன்

அன்புள்ள அம்மாவுக்கு,

"இது எங்க அம்மா" என்று அன்றைக்கு நான் சொல்லவில்லை. நலம் கேட்பதற்கு முன்பே இதை எழுதிவிடுகிறேன். முட்டுவலி குறைந்ததா?

சித்தூரில் என்னோடு வேலை பார்க்கும் யோகப்பிரியா மூணாறு வந்து நம் வீட்டில் தங்குவதாகச் சொன்னாள். வீட்டில் பெயின்ட் அடிக்கிறார்கள், இடமில்லை என்று வாட்ஸ்அப்பில் எழுதினேன். உன்னிடம் கொடுத்த பழைய போனிலும் என் நம்பரின் வாட்ஸ்அப்தான், நான் எழுதுவதெல்லாம் உனக்கும் தெரியும் என்பதை மறந்துவிட்டேன். உனக்குச் சிரமம் என்றுதான் தடுக்கிறேன் என நினைத்திருப்பாய். அவளுக்கே வாய்ஸ் மெசேஜ் பேசி அனுப்பிவிட்டாய்.

"பெயின்டெல்லாம் அடிக்கல தாயி. எஸ்டேட் லயத்து வீடு, ஒத்த ரூமுதான். கொழுந்தெடுத்துட்டு அஞ்சு மணிக்கு வந்துருவேன். வா, மூணு பேரும் நெருக்கிப் படுத்துக்கலாம்."

அவள் அதை ஆபீசில் எல்லாரும் கேட்கப் போட்டாள். "ஏம்புள்ள, உன்ற நம்பர்ல ஆரோ கூப்பிடறாங்க. ஆரு இது?"

"பக்கத்து வீட்டு அக்கா" என்றேன்.

"நல்ல அக்கா! பெத்தவங்களாட்டம் கூப்பிடறாங்க" என்று சிரித்தாள்.

இங்கே குளிர் கிடையாது. ஆனாலும் உன் பழைய கம்பளியை ஊரிலிருந்து வருபவர் யாரிடமாவது கொடுத்துவிடு. கொஞ்சம் தேயிலைத்தூளும்.

வாட்ஸ்அப் நின்றுபோனது, மழைத்தண்ணீர் பட்டிருக்கும் என்று முத்துப்பேச்சி அத்தை போனிலிருந்து சொன்னாய். ரிப்பேருக்குக் கொடுக்காதே அம்மா. பஸ் வந்துவிடும், முடிக்கிறேன். போன் கெடவில்லை. அன்று சாயங்காலமே அதை என் நம்பரிலிருந்து நான்தான் நீக்கினேன்.

சிவசங்கரி