தம்பியின் நெஞ்சில் இருப்பது நீயா, தாத்தா?

தாத்தா, இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டிவிடாதே. நீ அத்தையின் கனவில் வந்து போகிறாயாம், அவளே சொல்கிறாள். அங்கே போய் உளறிவிடாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

என் தலைமுடி, பாவாடை எல்லாவற்றிலும் புகை நாற்றம். சாம்பிராணி, வெண்கடுகு, வேப்பிலை, காய்ந்த மிளகாய். ஒரு வாரமாகப் பொழுது சாய்ந்ததும் அத்தை சட்டியில் தணல் அள்ளி, இதையெல்லாம் போட்டு, ஜன்னல்களை இறுக அடைத்துவிட்டுத் தம்பியைச் சுற்றி வருகிறாள். உன்னைத்தான் விரட்டுகிறாள்.

தம்பியை நீ பார்த்ததில்லை. நீ போன பிறகு பிறந்தான். உன் ஜாடை என்று எல்லோரும் சொன்னபோது அம்மாவுக்குச் சந்தோஷம்தான். போன மாதம் அவனுக்குச் சளி பிடித்தது. பிறகு ஓர் இரவு, விளக்கை அணைத்ததும், அவன் நெஞ்சிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. மெல்லிய விசில், நடுவே ஒரு கரகரப்பு, மறுபடி விசில். இருட்டில் அது உன் சத்தம். அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். நான் உன் கட்டில் இருந்த மூலையைப் பார்த்தேன். கட்டிலை எப்போதோ எடுத்துவிட்டார்கள், அங்கே ஒன்றும் இல்லை. ஆனாலும் பார்த்தேன்.

"நெஞ்சுல பூனைக்குட்டி பூந்துக்கினு கீதும்மா, ராவானா கத்துது" என்பாய் நீ. கிரஷரில் வருடக்கணக்காகக் கல்தூசியை இழுத்த நெஞ்சு. படுத்தால் மூச்சு முட்டும் என்று, தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்குவாய். அம்மா தாளித்தால் தெருவுக்கு ஓடிவிடுவாய். "மருமவ மொளகா போட்டே என்னை அனுப்பிடுவா போல கீதே!" என்று அங்கே நின்று சத்தம் போடுவாய். அம்மா கரண்டியோடு வாசலுக்கு வருவாள். "மூச்சு வுடத்தான் முடியல, வாய் மட்டும் கொறையுதா பாரு" என்பாள்.

திருப்பதி பெரிய ஆஸ்பத்திரிக்கு உன்னோடு நானும் வந்தேனே, நினைவிருக்கிறதா? உனக்கு மாஸ்க் மாட்டி மருந்து ஆவி வைத்தார்கள். பக்கத்தில் ஓர் அம்மா மடியில் கைக்குழந்தை. அதே மாஸ்க், அதே விசில். நீ உன் மாஸ்க்கைத் தூக்கிவிட்டு, "இன்னாடா மச்சான், நீயும் கல்லு ஒடச்சியா?" என்று அதைக் கேட்டாய். வார்டே சிரித்தது. நர்சம்மா மட்டும் சிரிக்கவில்லை. அந்த அம்மாவிடம் தெலுங்கில், "டொக்கலு எகரேஸ்தே வெண்ட்டனே தீஸ்குரா, ராத்திரி ஐனா சரே. இண்ட்லோ பொக பெட்டகு" என்றார். அதாவது, மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால் உடனே தூக்கி வா, ராத்திரியானாலும் சரி, வீட்டில் புகை போடாதே.

இதை அத்தையிடம் சொன்னேன். "நாலு பொஸ்தகம் படிச்சிட்டா எல்லாம் தெரிஞ்சிடுமாடி? எங்க நைனா சத்தம் எனக்குத் தெரியாதா? பேரப்புள்ளய பாக்காமயே பூட்டாரு. ஆசை தீராம வந்துக்கினு கீறாரு" என்று அழுதாள். அத்தை கெட்டவள் இல்லை, தாத்தா. சட்டியைத் தூக்கிக்கொண்டு "போ நைனா, போ" என்று விரட்டும்போதே உன்னைக் கும்பிடுகிறாள். ஆனால் புகை போடப் போடத் தம்பியின் சத்தம் கூடுகிறது. சத்தம் கூடினால் நீ பிடிவாதம் பிடிக்கிறாய் என்று மிளகாயைக் கூட்டுகிறாள்.

எனக்கும் பயம்தான். நேற்று தம்பி என் தலைக்கு மேலே எதையோ பார்த்துச் சிரித்தான். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

இன்று அம்மா களைத்துத் தூங்கியதும் அவனைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு வந்து தாழ் போட்டுக்கொண்டேன். ஜன்னலைத் திறந்தேன். செல்போன் வெளிச்சத்தில் சட்டையை விலக்கிப் பார்த்தேன். குழி விழுகிறது. அம்மாவை எழுப்பினால் அத்தையும் எழுவாள், சட்டியும் வரும். நைட் ஷிப்டில் இருந்த என் நைனாவுக்கு, உன் மகனுக்கு, போன் செய்தேன்.

"அத்த பாத்துக்கினு கீறால்ல. நீ தூங்கு."

"டொக்கலு எகருது நைனா."

கம்பெனி மெஷின் சத்தத்தை விட்டு அவர் வெளியே ஓடி வருவது கேட்டது. பிறகு, "படுக்க வெக்காத. உக்காந்த மேனிக்கே தூக்கி வெச்சிரு. ஆட்டோ புடிச்சினு வர்றேன்" என்றார். உன்னை அப்படித் தாங்கி உட்கார வைத்தவர் அவர்தானே.

காத்திருக்கிறேன். தம்பி என் தோளில் நிமிர்ந்து சாய்ந்திருக்கிறான். ஒரு கையால் அவனைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். எழுதாவிட்டால் அந்த மூச்சையே கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். சில நேரம் அது நடுவில் நிற்கிறது. நானும் மூச்சை நிறுத்திவிடுகிறேன். பிறகு யோசித்துத் தொடங்குவதுபோல மறுபடி வருகிறது.

உன் பாயையும், நீ வாயில் வைத்து மருந்து இழுத்த பம்பையும் ஆற்றில் விட்டுவிட்டார்கள். உன்னிடமிருந்து எனக்கு மிச்சம் இந்தச் சத்தத்தைக் கேட்டுப் பழகிய காது மட்டும்தான். இது நோய், நீ இல்லை என்று அது சொல்கிறது. நம்பத்தான் பார்க்கிறேன்.

கதவைத் தட்டுகிறார்கள். ஆட்டோ சத்தம் கேட்கவில்லையே. நைனா இல்லை.

"ஏய், புள்ள எங்கடி? தொற!"

அத்தை. கதவுக்கு அடியில் புகை நுழைகிறது. தம்பிக்கு இருமக்கூட முடியவில்லை. பின்கதவைத் திறந்துகொண்டு ரோட்டுக்குப் போகிறேன், நைனா வருகிற வழிக்கு. வெளியே கும்மிருட்டு. நீ அங்கே நின்றால் பயமுறுத்தாதே தாத்தா, எங்கள் கூடவே