பாசிலின் வால்வு

மார்ச் 3, 2081. காலை 07:10
கடலடி நிலையம், ஆழம் 38 மீட்டர். தலைக்கு மேலே மத்தியதரைக் கடலின் ஒரு குட்டித் தீவு. காற்றழுத்தம் சரி. கடற்புல் மாதிரிகள் பதினான்கு எடுத்தாயிற்று. நிலையத்தில் நானும் தலைவர் கிளாட்வினும் மட்டும். மூன்றாவது படுக்கை என் தம்பி பாசிலுடையது. போன மாதம் நிலையத்துக்குக் கீழே இருக்கும் கடற்குகைக்குள் மூச்சடைத்துச் செத்தான். 'சொந்தக் கவனக்குறைவு' என்று அறிக்கை எழுதியவர் கிளாட்வின்.

13:40
சிலிண்டர் வால்வு முதுகில் இருக்கும், தன் கைக்கு எட்டாது. கூட்டாளிதான் முழுக்கத் திறந்துவிட்டு, கால் சுற்று எதிர்ப்பக்கம் திருப்பி வைக்க வேண்டும். யார் விரல் எப்படித் திருப்பியது என்பதை வால்வுக்குள் இருக்கும் பதிவுச் சில்லு நினைவில் வைத்திருக்கும். பாசிலுடையதை இன்றுதான் பிரித்துப் படித்தேன். கிளாட்வின் திறப்பதாக நினைத்து முழுக்க மூடியிருக்கிறார், பிறகு கால் சுற்று திறந்திருக்கிறார். நிலையத்தில் நின்றால் மூச்சு வரும். இன்னும் ஆழத்தில் வராது. சரி, கைத்தவறு. பிணத்தை மீட்ட பிறகு வால்வை முழுக்கத் திறந்து வைத்தாரே, அதுவும் கைத்தவறா? பாவி!

16:05
மேலே இருக்கும் படகுக்கு எல்லாவற்றையும் அனுப்பினேன். பதில்: "விசாரணை முடிஞ்ச கதைம்மா. விட்டுடு."
விடுவதா? செத்தவன் மேலேயே பழியைப் போட்டுவிட்டு இந்த ஆள் என் எதிரே உட்கார்ந்து சூப் குடிக்கிறார். நான் விடுவதா?

மார்ச் 4. காலை 09:20
குகைக்குக் கிளம்புகிறோம். அவர் வால்வைச் சரிபார்த்தது நான். முழுக்க மூடினேன். கால் சுற்று திறந்தேன். "எல்லாம் சரியாம்மா?" என்று கேட்டார். விரலை வட்டமாக்கிக் காட்டினேன்.

10:02. முகமூடி ஒலிவாங்கியின் குரல் பதிவு. குகை, 71 மீட்டர்
"ஜெசிந்தா, காத்து வரலம்மா... வால்வைப் பாரு."
"பாசில் வால்வை மூடினது யாரு? சொல்லுங்க. படகுல கேட்டுட்டிருக்காங்க."
"நான்தான்... கை தப்பிடுச்சு. பயந்துபோய் அறிக்கையை மாத்தி எழுதிட்டேன். தாயி, திறம்மா!"

10:04
படகிலிருந்து: "ஜெசிந்தா, எல்லாம் பதிவாயிருச்சு. அறிக்கையைத் திருத்திடுறோம். உடனே திறந்துவிடு!"
தம்பி மேலிருந்த பழி போய்விட்டது. இவ்வளவு போதும் என்றுதான் நினைத்திருந்தேன். போதவில்லை.

10:05
கை அவர் வால்வில் இருக்கிறது. என் இடுப்பைப் பிடித்து உலுக்குகிறார். படகில் கத்துகிறார்கள். கால் சுற்றுதான்... மூடிவிட்டேன்.

10:11
உலுக்கல் நின்றுவிட்டது. வால்வை நான் மறுபடி தொடப்போவதில்லை. இருப்பது இருக்கிறபடியே இருக்கட்டும். மூடியது ஜெசிந்தா. தெரிந்தே மூடினேன். அறிக்கையில் அப்படியே எழுதுங்கள்.