அண்ணன் மகள் என்று எழுதிய படிவம்

பிடிக்க முடியாத பந்தையும் ஒரு விரலாலாவது தொட்டுவிடுகிற என் கனகாவுக்கு,

இரண்டு வருடம் தாமதமாக எழுதுகிறேன். டெங்கு உன்னைக் கொண்டுபோன அன்று நான் வரவில்லை. குழந்தைக்கு உடம்பு சுடுகிறது என்று சொல்லி அனுப்பினேன். என் மகள் இனியாவுக்கு அன்று ஒன்றுமில்லை. உன் வீட்டு வாசலில் யாராவது "நீ என்னா மொறம்மா?" என்று கேட்டுவிடுவார்களோ என்ற பயம்தான்.

முதலில் ஊர்ச் சேதி. நம் நெய்வேலிக்கு வெளிநாட்டுப் பெண்கள் கால்பந்து ஆட வந்திருக்கிறார்கள், நம்புவாயா? நாம் முட்டி தேய விழுந்த அதே மைதானம். சரளை போய்ப் புல் வந்துவிட்டது. நேபாளத்து கோல்கீப்பர் பஸ்ஸை விட்டு இறங்கியதும் சுரங்கத்து மண்மேட்டைக் காட்டி, அது என்ன மலை என்று கேட்டாள். தோண்டிக் கொட்டிய மண் என்றேன். "எங்கள் ஊரில் மலை தானாகவே இருக்கும், நீங்கள் செய்து வைத்திருக்கிறீர்களே" என்று சிரித்தாள். நீ இருந்திருந்தால், "டிக்கெட் போட்டு ஏத்தி வுடலாம்டி" என்றிருப்பாய்.

ஆங்கிலம் பேசுவேன் என்று என்னையும் ஏற்பாட்டு வேலையில் சேர்த்திருக்கிறார்கள். வீராங்கனைகளின் கையைப் பிடித்துக்கொண்டு மைதானத்துக்குள் நடக்கும் குழந்தைகளின் பட்டியல் என் பொறுப்பு. டவுன்ஷிப் குழந்தைகள் மட்டும். பெயர், வயது, பிளாக், குவார்ட்டர்ஸ் எண், பெரியவர்களின் பெயர், உறவு. அந்தக் கடைசிக் கட்டத்தைப் பார்த்ததுமே படிவத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். ஏனென்று உனக்குத் தெரியும்.

படிக்கிற வயதில் நாம் ஆடிய டவுன்ஷிப் அணியிலும் அதே விதிதானே. சுரங்கத்தில் பெர்மனென்ட் வேலையில் இருப்பவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் இடம். உன் அப்பா கான்ட்ராக்ட் தொழிலாளி. நீ பந்து பிடிப்பதை ஒருநாள் வேலியோரம் நின்று பார்த்த என் அப்பா, படிவத்தில் உன்னை 'அண்ணன் மகள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "எந்த அண்ணன், எந்த மக? எனக்குத் தெரியாம இன்னும் எத்தன பேரு இருக்காங்க?" என்று அம்மா குதித்தாள். மறுநாள் நீ வாசலில் நின்றுகொண்டு, "சித்தி, ஒரு சொம்பு தண்ணி குடுங்க" என்று குரல் கொடுத்தாய். அம்மாவால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

எனக்குக் கடையில் வாங்கிய கையுறை. உனக்கு உன் அப்பா சுரங்கத்தில் போட்டுத் தேய்ந்த கையுறை. மாநிலப் பயிற்சி கேம்ப்புக்கு நம் அணியிலிருந்து ஒரே ஒரு கோல்கீப்பர்தான் என்றார்கள். உன் பெயரைப் படித்தார்கள். மாற்று ஆள் நான்.

அன்று சான்றிதழ் சரிபார்த்தவர் என்னைக் கூப்பிட்டு, "இந்தப் பொண்ணு உங்க சொந்தமாம்மா?" என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். தலையாட்டியிருந்தால் போதும்.

"இல்லைங்க. கூடப் படிக்கிறா."

அவர் பேனாவால் உன் பெயரின் மேல் ஒரு கோடு போட்டார். நீ கையுறையைக் கழற்றி, மண்ணைத் தட்டி, பையில் வைத்தாய். என்னைப் பார்க்கவே இல்லை. ஒரு கெட்ட வார்த்தையாவது சொல்லியிருக்கலாமே, கனகா?

உன் இடத்தில் போன நான் என்ன செய்தேன்? மூன்றே நாளில் அம்மா வேண்டும் என்று அழுதுகொண்டு திரும்பிவந்தேன். அப்பா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. நீ நாலாம் நாளே பேசினாய். "என்னாடி, அங்க சோறு சரியில்லியா?" என்றாய். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே நீ எடுக்கவில்லை. என் கல்யாணத்தில் பந்தி பரிமாறினாய்.

போன சனிக்கிழமை உன் வீட்டுக்காரர் உங்கள் மகள் பவியோடு என் மேசைக்கு வந்தார். "டீவில வர்ற மாரி கையப் புடிச்சிகினு நடக்கணும்னு ஒரே அழுவ. குவார்ட்டர்ஸ் நம்பர் கேக்குறாங்க. நம்மகிட்ட ஏதும்மா?"

"லிஸ்ட் முடிஞ்சிருச்சுண்ணா" என்றேன். மூன்று வரிகள் காலியாக இருந்தன. உள்ளங்கையால் மறைத்துக்கொண்டேன். கனகா, இரண்டாம் தடவை.

பவி உன்னைப் போலவே தோளைக் குலுக்கினாள். "பரவால்ல சித்தி."

"என்னன்னு கூப்பிட்ட?"

"சித்தி. எங்கம்மா அப்டிதான் சொல்லிக் குடுத்துச்சு. எங்கம்மாவுக்கு ஜொரம் வந்துட்டதால நீங்க கேம்ப்புக்குப் போனீங்களாமே! நெறய கோல் புடிச்சீங்களா?"

ஜுரமா? எனக்காக உன் மகளிடமே ஒரு பொய் சொல்லி வைத்திருந்தாயா?

கையை எடுத்தேன். பவியின் பெயரை எழுதினேன். என் பிளாக், என் வீட்டு எண். உறவு: அக்கா மகள். கையெழுத்துப் போடவந்த அதிகாரி, "உங்க சொந்த அக்காவா?" என்று கேட்டார். "எங்க பெரியப்பா மகளுங்க" என்றேன். தலையை ஆட்டிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அவ்வளவுதான். இவ்வளவு சின்ன வேலையைத்தானா அன்று நான் செய்யாமல் விட்டேன்?

நாளை சாயங்காலம் முதல் ஆட்டம். பவிக்கு அந்த நேபாளத்து கோல்கீப்பரின் கைதான். ஷூவைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருக்கிறாளாம்.

ஆட்டம் முடிந்ததும் அவளை, நீ எப்போதும் காவல் நிற்கும் அந்த வடக்குக் கோல் கம்பத்தடிக்குக் கூட்டிப்போய், உன் அம்மாவுக்கு அன்று ஜுரம் இல்லை என்று சொல்வேன். நான் சொன்ன வார்த்தையையும் அப்படியே சொல்வேன். அதற்கப்புறம் அவள் என்னை ஆன்ட்டி என்று கூப்பிடலாம், கூப்பிடாமலே போகலாம். அவள் அம்மா ஜுரத்தில் படுத்தவள் இல்லை, ஜெயித்தவள் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். சொல்லாமல் அந்த மைதானத்தை விட்டு வரமாட்டேன். இது சத்தியம்.

இனி யார் கேட்டாலும்,
உன் சித்தப்பா மகள்,
மலர்