வீரலட்சுமியின் காதுவெட்டு

அனுப்புநர்:
சீ. ஆவுடைத்தாய்,
க/பெ. சீனிவாசகம் (காலஞ்சென்றவர்),
ஆட்டுத்தோல் உப்புக் கொட்டகை,
ஓடைத் தெரு, நாரணாபுரம்,
சிவகாசி வட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
விருதுநகர்.

பொருள்: விஸ்வநத்தம் சாலையில் விபத்துக்குப் பின் முத்திரையிடப்பட்ட பட்டாசு ஆலை – மிச்சமுள்ள வெடிமருந்தை வரும் வியாழக்கிழமை அழிக்கும் முன், உள்ளே ஆள் இருக்கிறதா என்று பார்க்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்த மனுவைப் படிக்கும்போது எழுதியவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று தங்களுக்குத் தோன்றலாம். கடைசிவரை படித்துவிட்டு அந்த முடிவுக்கு வருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

1. கறிக்கடைகளில் ஆட்டுத் தோல் வாங்கி, ஒட்டியிருக்கும் சதையையும் கொழுப்பையும் வழித்து, உப்புப் போட்டு அடுக்கி, திண்டுக்கல் தோல் ஷாப்புகளுக்குப் பதனிட லோடு அனுப்புவது என் தொழில். உரித்த சூட்டோடு உப்புப் போடாவிட்டால் ரோமம் உதிர்ந்து தோல் வீணாகிவிடும். என்ன அவசரமானாலும் காதைப் பார்க்காமல் உப்பில் கை வைக்க மாட்டேன். எங்கள் பக்கம் ஆட்டின் காதில் வீட்டுக்கு ஒரு வெட்டு உண்டு. திருட்டு ஆட்டின் தோலை வாங்கிவிட்டுக் காவல் நிலையத்தில் போய் நிற்க எனக்கு நேரமில்லை. அதனால் காதோடுதான் வாங்குவேன். மடிக்கும்போதும் காது மட்டும் வெளியே தெரியும்படி மடிப்பது என் கொட்டகை வழக்கம்.

2. என் தம்பி பெத்தணனின் மனைவி வீரலட்சுமி மேற்படி ஆலையில் மருந்து செலுத்தும் வேலை பார்த்தவள். வேலைக்குப் போகும்போது தன் ஆடுகளை ஆலைக்குப் பின்னால் ஓடையில் கட்டிவிட்டுப் போவாள். 2021 ஆவணியில் ஆலை வெடித்தது. சிதறி ஓடிய ஆடுகள் பிறகு அவளைத் தேடியோ என்னவோ, இடிந்த மதில் வழியாக உள்ளே போய் அங்கேயே தங்கிவிட்டன. அவள் உடல் கிடைக்கவில்லை. அரசுக் குறிப்பில் இன்றும் ‘காணவில்லை’ என்றே உள்ளது. பின்னர் மதிலை எடுத்துக் கட்டி, கதவுக்கு அரக்கு முத்திரை வைத்தார்கள். மதிலடியில் மழைத் தண்ணீர் போக ஒரு மடை இருக்கிறது. அதில் ஆடு நுழையும், ஆள் நுழைய முடியாது.

3. மடை வழியாக வெளியே வந்த ஆடுகளைக் கறிக்கடை ஊர்க்காவலன் பிடித்து அறுத்திருக்கிறார். கேட்பாரற்ற ஆடு என்பது அவர் வாதம். அவர்மீது நடவடிக்கை எதுவும் வேண்டாம். அந்தத் தோல்களின் இடது காதில் வீரலட்சுமியின் வெட்டு இருந்தது. நுனியில் கவட்டை போல் ஒரு பிளவு, பக்கத்தில் ஒரு துளை. அவளுடைய பழைய ஆடுகள்தான் என்று நினைத்து, அழுதுகொண்டே உப்புப் போட்டேன்.

4. அடுத்து வந்தவை குட்டித் தோல்கள். தடவிப் பார்த்தே வயது சொல்வேன் ஐயா. அவை ஆலை மூடிய பின் பிறந்தவை. எந்தக் குட்டியும் காதில் வெட்டோடு பிறப்பதில்லை. ஆனால் அவற்றிலும் அதே கவட்டை, அதே துளை. காதின் உள்பக்கம், வெட்டும்போது கட்டைவிரலால் அழுத்திப் பிடிக்கும் இடத்தில், வெள்ளி நிறத்தில் ஒரு கறை. வேலை முடிந்து வரும்போது வீரலட்சுமியின் கைகள் அலுமினியப் பொடி படிந்து அப்படித்தான் இருக்கும். கல் உப்பு வைத்துத் தேய்த்தும் கறை போகவில்லை.

பேய்க்குப் பயப்படுகிறவள் செத்த தோலோடு பிழைப்பு நடத்த முடியாது. எவனோ விளையாடுகிறான் என்றே எண்ணி, சென்ற மாதம் கிராம நிர்வாக அலுவலரை அழைத்துப்போய்க் காட்டினேன். முத்திரை உடையவில்லை. மதில்மேல் பதித்த கண்ணாடிச் சில்லுகளில் தூசிகூடக் கலையவில்லை. உள்ளே ஆட்டு மணிகள் கேட்டுக்கொண்டிருந்தன. நாங்கள் பேசத் தொடங்கியதும் எல்லாம் ஒன்றாக நின்றன. “வாங்க அக்கா, போயிருவோம்” என்று சொல்லி அவர் வண்டியை எடுத்துவிட்டார். ஊர்க்காவலனும் அதைக் கேள்விப்பட்டதிலிருந்து அந்தச் சாலைப் பக்கமே போவதில்லை.

5. இனி எழுதுவது வெளியே யாருக்கும் தெரியாதது. விபத்தன்று வீரலட்சுமி கர்ப்பமாக இருந்தாள். தெரிந்தால் வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள் என்று சேலையை இறுக்கிக் கட்டி மறைத்திருந்தாள். தம்பிக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். எங்கள் குடும்பத்தில் பிள்ளை எழுந்து நடக்கத் தொடங்கியதும் அதற்கென்று குட்டி ஒதுக்குவது வழக்கம். ஆண் பிள்ளை என்றால் குட்டியின் காதில், தாயின் வெட்டுக்கு மேலே ஒரு கீறல் போடுவோம், பெண் பிள்ளை என்றால் கீழே. போன வருடம் முதல் வந்த சில குட்டித் தோல்களில், கீழே ஒரு கீறல் இருந்தது.

6. அவற்றைத் தம்பி கண்ணில் படாமல் அடுக்குக்கு அடியில் வைத்தேன். சென்ற வெள்ளிக்கிழமை, மருந்தை அழிக்கப்போவதாக ஆலைக் கதவில் அறிவிப்பு ஒட்டினார்கள். மறுநாள் காலை என் கொட்டகை வாசலில் ஒரு குட்டித் தோல் இருந்தது. கொண்டுவந்தது யார் என்று தெரியவில்லை. சதை சுத்தமாக வழிக்கப்பட்டு, உப்புக்குப் பதில் சாம்பல் பூசி, காது மட்டும் வெளியே தெரியும்படி மடித்திருந்தது. அந்த மடிப்பை என்னிடம் கற்றுக்கொண்டவள் வீரலட்சுமி ஒருத்திதான். காதில் கவட்டை, துளை, கீழே கீறல். வெட்டிய இடத்தில் புண் இன்னும் ஆறவில்லை.

அதை எனக்கு முன்பே தம்பி பார்த்துவிட்டான். அன்று முதல் ஆலைக் கதவடியில் உட்கார்ந்திருக்கிறான். காவலர்கள் தூக்கி வந்து விட்டாலும் திரும்பப் போய்விடுகிறான். வியாழக்கிழமை மதிலேறி உள்ளே போய்விடுவான் என்று பயப்படுகிறேன். சோறு கொண்டுபோனால், “எம் பொண்டாட்டி பிள்ளை இருக்கிற இடத்துக்கு நெருப்பு வைக்கப் போறாக. நான் எங்கனக்கா சாப்பிட?” என்கிறான். நேற்று, “பிள்ளைக்கு என்ன பேரு வச்சிருப்பா?” என்று கேட்டான்.

எனவே, மருந்தை அழிக்கும் முன் முத்திரையை அகற்றி, என் தம்பியின் கண்ணெதிரே ஆலையின் ஒவ்வொரு அறையையும் திறந்து பார்க்க உத்தரவிடுமாறு வேண்டுகிறேன். ஒருவரும் இல்லையென்றால் அதைப் பார்த்துவிட்டாவது அவன் எழுந்து வீட்டுக்கு வருவான். எனக்கு இருப்பது அவன் ஒருவன்தான்.

உள்ளே போகிறவர்கள் சத்தமாகக் கூப்பிட வேண்டாம் என்றும் சொல்லி அனுப்புங்கள். மூன்று வயதுக் குழந்தை, புது ஆட்களைப் பார்த்தால் பயந்துவிடும்.

இடம்: விருதுநகர்
நாள்: 11.11.2024

இப்படிக்கு,
தங்கள் உத்தரவை எதிர்நோக்கி அலுவலக வாசலிலேயே காத்திருக்கும்,
சீ. ஆவுடைத்தாய்

இணைப்பு: குட்டியின் இடது காது – 1. பார்த்தபின் திருப்பித் தரவும். அது பிள்ளையுடையது.